குப்புராஜின் பதினொரு நிபந்தனைகள்

காலை ஒன்பதரை மணிக்குப் பாக்கியமேரி எங்கள் மாடிப்படி ஏறி வந்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து, மடித்து வைத்திருந்த ஒரு ரோஸ் நிறக் காகிதத்தை மேஜைமேல் வைத்தாள்.

“இதுல என்னா எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்லுங்கய்யா. இந்தக் காயிதத்தக் காட்டித்தான் நேத்து சாயந்திரம் எங்க வூட்டுக்காரர ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள குத்தத்த ஒத்துக்கலன்னா கோர்ட்டுக்கு அனுப்பிடுவாங்களாம்.”

எங்கள் என்று நான் சொல்வது துப்பறியும் தீர்த்தகிரியையும் என்னையும். தீர்த்தகிரி அண்ணன் தருமபுரி ரயில் நிலையத்தில் இருபத்திரண்டு வருஷம் பார்சல் எடை போட்டவர். எந்த மூட்டையையும் கையால் தூக்கிப் பார்த்தே உள்ளே என்ன இருக்கிறது, சொந்தக்காரன் எவ்வளவு பொய் சொல்கிறான் என்று சொல்லிவிடுவார். ரிடையர் ஆனதும் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே சைக்கிள் கடை மாடியில் போர்டு மாட்டிக்கொண்டார். நான் மாது, அவருடைய அசிஸ்டென்ட். அதற்கு முன் பஸ் கண்டக்டர். பிரயாணிகளிடம் வாய் நீளுகிறது என்று முதலாளி என்னை நிறுத்தினார். அண்ணன் அதே வாய்க்காக என்னைச் சேர்த்துக்கொண்டார்.

பாக்கியமேரியின் கணவன் செபாஸ்டினை ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஊர்க் கோடியில் இருக்கும் டூரிங் டாக்கீஸில் படம் ஓட்டும் ஆபரேட்டர். சாதுவான மனிதன். ஃபிலிம் அறுந்து ஜனங்கள் விசிலடித்தால் கேபினுக்குள்ளிருந்தே மன்னிப்புக் கேட்பான்.

“திருட்டுக் கேசு நின்னுடுச்சுன்னா ஆபரேட்டர் லைசென்சப் புடுங்கிடுவாங்கய்யா. அந்த லைசென்ச வாங்கறதுக்கு ஆறு வருஷம் கேபின்ல கூட்டிப் பெருக்கினாரு. வேற தொழில் ஒண்ணும் தெரியாது அவுருக்கு” என்றாள் பாக்கியமேரி. குரல் அங்கேதான் உடைந்தது.

“படி மாது” என்றார் அண்ணன்.

நான் படித்தேன். தலைப்பிலேயே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ‘மலையரசி நியூஸ் ரீல், அதிபர் குப்புராஜ். மாவட்டக் கபடி இறுதிப் போட்டி, பிப்ரவரி 1972. பத்திரிகைகளுக்கும் மற்றச் செய்தியாளர்களுக்கும் நிபந்தனைகள்.’ மொத்தம் பதினொன்று. மைதானத்துக்குள் மலையரசியின் காமிராவைத் தவிர வேறு காமிரா நுழையக் கூடாது. உள்ளே வருகிறவர்களின் பை சோதனை செய்யப்படும். முதல் காட்சிக்கு முன் படச்சுருளை ஒருவரும் பார்க்கக் கூடாது. பத்திரிகைக்காரர்கள் படச்சுருளிலிருந்து ஒரே ஒரு படம், அதுவும் உள்ளங்கை அகலத்தில், முதல் காட்சி நடந்து ஏழு நாள் கழித்து வெளியிடலாம். படத்துக்கு அடியில் குப்புராஜின் பெயர் செய்தித் தலைப்பைவிடப் பெரிய எழுத்தில் வர வேண்டும். ஆட்டத்தை இருபது வரிக்கு மேல் வர்ணிக்கக் கூடாது.

“இருபத்தோராவது வரில என்னண்ணே ஆகும்? வெடிக்குமா?”

“மீதியையும் படி.”

மீதியும் அதே லட்சணம்தான். அடியில் போட்டிக் கமிட்டித் தலைவர் கையெழுத்துப் போட்டிருந்தார். மேடையில் அவருடைய முகத்தைப் பெரிதாக எடுத்துத் திரையில் காட்டுவதாகக் குப்புராஜ் வாக்குக் கொடுத்திருந்தார். மைதானத்தையே எழுதிக் கேட்டிருந்தாலும் அந்த முகம் கொடுத்திருக்கும்.

நடந்த கதை ஊருக்கே தெரிந்ததுதான். மூன்று வாரத்துக்கு முன் ஞாயிற்றுக்கிழமை, மாரண்டஹள்ளிக்கும் தருமபுரிக்கும் இறுதி ஆட்டம். கடைசி ரெய்டு. மாரண்டஹள்ளி அருள்நாதன் பாடிக்கொண்டு போய் நால்வர் பிடியில் சிக்கினான். அப்படியே இழுத்துக்கொண்டு வந்து நடுக்கோட்டை நோக்கிக் கையை நீட்டினான். தொட்டான் என்றது பாதி மைதானம். தொடவில்லை என்று நடுவர் விசில் ஊதினார். மாரண்டஹள்ளி தோற்றது. குப்புராஜின் படம் வரட்டும், அதில் தெரிந்துவிடும் என்று இரண்டு ஊரும் காத்திருந்தன.

சென்னையில் கழுவிய படம் அரக்கு வைத்த டப்பாவில் போன செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. இந்த வெள்ளிக்கிழமை காட்சி என்று நோட்டீஸ் போட்டு, டப்பாவைச் செபாஸ்டினிடம் பத்திரமாக ஒப்படைத்தார்கள். ஆனால் நேற்று எங்கள் ஊர் வாரப் பத்திரிகை ‘தகடூர்ச் செய்தி’யில் முதல் பக்கத்தில் ஒரு படம் வந்துவிட்டது. அருள்நாதனின் விரல்கள் நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கம் மண்ணில் பதிந்திருந்தன. மேலே ஒருத்தன், இடுப்பில் ஒருத்தன், காலில் இரண்டு பேர். சந்தேகமே இல்லை, தொட்டிருக்கிறான்.

சாயந்திரமே குப்புராஜ் போலீஸோடு டாக்கீஸுக்குப் போய், டப்பாவைத் திறந்து, ஃபிலிமில் ஒரு வெட்டும் ஒட்டும் இருப்பதைக் காட்டினார். செபாஸ்டின் உள்ளே போனான்.

“மாதா சத்தியமா அவுரு தொடலைங்கய்யா” என்றாள் பாக்கியமேரி.

அண்ணன் காகிதத்தை மடித்துப் பையில் வைத்தார். “அழாத தாயி. நீ ஸ்டேஷன் வாசல்லயே இரு. அஞ்சு மணிக்கு முன்ன வரோம்.”

ஸ்டேஷனில் சப்-இன்ஸ்பெக்டர் பச்சியப்பனின் நாற்காலிக்குப் பக்கத்தில், அவரைவிட நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார் குப்புராஜ். பட்டு ஜிப்பா. அறைக்குள்ளேயும் கறுப்புக் கண்ணாடி. நெஞ்சில் ‘அதிபர்’ என்று அவரே அடித்துக் குத்திக்கொண்ட பட்டை. எனக்குக் கெட்ட மனிதர்களிடம் பயம் உண்டு, இந்த மாதிரி மனிதர்களிடம் அருவருப்பு மட்டும்தான்.

மூலை பெஞ்சில் செபாஸ்டின் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கன்னத்தில் விரல் தடம் தெரிந்தது.

“யாரு அடிச்சது?” என்றேன்.

“நான்தான்” என்றார் குப்புராஜ். “கலைத் திருடனுக்கு வேறு என்ன மரியாதை?”

சப்-இன்ஸ்பெக்டர் மேஜை விரிப்பைப் பார்த்தார்.

“அந்தக் கட்டம் பறிபோய்விட்டது, மிஸ்டர் தீர்த்தகிரி” என்று மேடையில் பேசுகிற குரலில் ஆரம்பித்தார் குப்புராஜ். “என் படத்தின் உயிரே அதுதான். மைதானத்தில் இருந்தது ஒரே காமிரா, என் காமிரா. பத்திரிகையில் படம் வந்திருக்கிறது. ஆகவே என் சுருளிலிருந்து வெட்டப்பட்டிருக்கிறது. சுருளை வைத்திருந்தவன் இவன். சின்னப் பிள்ளைக்கும் புரியும்.”

“நல்லாப் புரியுதுங்க” என்றார் அண்ணன். “சார், நீங்க படத்தப் பாத்தீங்களா?”

“எப்படிய்யா பாக்கறது?” என்றார் சப்-இன்ஸ்பெக்டர். “ஒட்டுப் போட்ட எடத்தக் காட்டினாரு, அது போதும். முதல் காட்சிக்கு முன்ன யாரும் பாக்கக் கூடாதுன்னு மூணாவது நிபந்தனைல தெளிவா இருக்கே.”

அரசாங்கம் இவருக்குத் தடித் தடியாகச் சட்டப் புத்தகம் கொடுத்திருக்கிறது. மனிதர் ரோஸ் காகிதத்துக்குச் சல்யூட் அடிக்கிறார்.

“பாக்க வேண்டாம். தூக்கிப் பாக்கலாமா? அதுக்கு நிபந்தனை ஏதாச்சும் இருக்குங்களா?”

குப்புராஜ் யோசிப்பதற்குள் அண்ணன் மேஜைமேல் இருந்த ஃபிலிம் டப்பாவைக் கையில் எடுத்துவிட்டார். ஒருதரம் ஏந்தினார், வைத்தார். பத்து வருஷமாக அந்த முகத்தைப் பார்க்கிறேன். புருவம் ஒரு நூல் ஏறியது.

“ஆட்டம் எவ்வளவு நேரங்க நடந்துச்சு?”

“நாற்பது நிமிடம்.”

“ஓகோ. உங்க காமிரா எங்க நின்னுச்சுங்க?”

“மேற்குப் பக்கம், மேடையை ஒட்டி. சாயங்காலம் ஐந்தே கால். சூரியன் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும். இதுகூடத் தெரியாதவன் காமிராவைத் தொடக் கூடாது.”

“ரொம்ப நன்றிங்க” என்று கும்பிட்டுவிட்டு அண்ணன் வெளியே வந்தார். வேப்ப மரத்தடியில் நின்று ‘தகடூர்ச் செய்தி’யை என் மூக்குக்கு நேராக விரித்தார்.

“என்ன தெரியுது?”

“அருள்நாதனும், அவன் மேல நாலு அரிசி மூட்டையும்.”

“நெழலப் பாரு.”

பார்த்தேன். அருள்நாதனின் கை நிழல், மேலே விழுந்து கிடப்பவனின் தலை நிழல், எல்லாம் படத்திலிருந்து நம்மை நோக்கி நீண்டு வந்தன.

“சாயந்திரம் சூரியன் மேக்க இருக்கும். நெழல் கெழக்க விழும்” என்றார் அண்ணன். “மேக்க நின்னு எடுத்தா நெழல் அந்தப் பக்கம் ஓடணும். இதுல நம்ம பக்கம் வருது. அப்ப எடுத்தவன் எந்தப் பக்கம்?”

“கெழக்க!” என்று கத்திவிட்டேன். “அண்ணே, இது அந்த ஆளு எடுத்த படமே இல்ல. வாங்க உள்ள போய்ச் சொல்லலாம்.”

“சொன்னா அவன் ‘என் உதவியாள் கெழக்க ஓடிப் போய் எடுத்தான்’னுவான். இந்த சப்-இன்ஸ்பெக்டர் தலையாட்டுவாரு. எடுத்த ஆளு வேணும், மாது. ஆளத் தேடு.”

முதலில் பத்திரிகை ஆபீஸ். ஆசிரியர் வெங்கடாசலம் புதிதாக அச்சடித்த கட்டுகளுக்கு நடுவே புரூஃப் திருத்திக்கொண்டிருந்தார். வழக்கமாக அடிப்பதைப்போல நாலு மடங்கு அடித்திருந்தார். அத்தனையும் மாரண்டஹள்ளிக்குப் போகின்றன.

“படம் எப்படிங்க வந்துச்சு?”

“அதச் சொல்லக் கூடாதுங்க. பத்திரிகை தர்மம்.”

“ஒரு அப்பாவி உள்ள இருக்கான்.”

“வருத்தமாத்தான் இருக்கு. தலையங்கம் எழுதறேன்.”

நான் குறுக்கே புகுந்தேன். “சார், குப்புராஜோட சுருள்லேர்ந்து வெட்டின படம்னு ஊரெல்லாம் பேசறாங்க. அப்படிப் பேசினா உங்களுக்கு இன்னும் ஒரு கட்டு விக்கும். அதானே தர்மம்?”

மனிதர் பேனாவை மூடினார், திறந்தார். கடைசியில் முனகினார். “தபால்ல வந்துச்சுங்க. பேர் இல்ல, ஊர் இல்ல. படம் மட்டும், கவருக்குள்ள. கவரக் கிழிச்சுப் போட்டுட்டேன். பேர் தெரியாத படத்தப் போட்டேன்னு வெளிய தெரிஞ்சா எனக்குக் கேவலம் இல்லீங்களா?”

ஒருத்தன் ஜெயிலுக்குப் போவது கேவலமில்லை, இதுதான் கேவலம். படிக்கட்டில் இறங்கும்போது அந்த ஆபீஸ் வாசலில் துப்பினேன்.

மைதானத்தில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. கிழக்குப் பக்கத்தில் என்ன இருந்தது என்று கேட்பதற்கு ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. வாசலில் சோடா வண்டி போட்டிருக்கும் ஆண்டி அன்றைக்கு முழுக்க உள்ளேதான் வியாபாரம் செய்திருக்கிறான்.

“கெழக்கால பொம்பளைங்க பக்கமுங்க. கயிறு கட்டி வுட்டிருந்தாங்க” என்றான்.

“அங்க காமிராவோட யாராச்சும்?”

“எப்படிங்க? வாசல்ல தொண்டருங்க ஒரு பை வுடாம உதறிப் பாத்தாங்களே. என் சோடா பெட்டியக்கூடக் கவுத்தாங்க.”

“பொம்பளைங்க பையவும் உதறினாங்களா?” என்றார் அண்ணன்.

ஆண்டி நாக்கைக் கடித்தான். “அய்யய்யோ, பொம்பளைங்க பையில கை வுட முடியுமாங்க? செருப்படி வுழுந்திருக்காது?”

பதினொரு நிபந்தனை எழுதிய மகானுக்குப் பெண்கள் என்று ஒரு ஜாதி சடுகுடு பார்க்க வருவார்கள் என்பதே தோன்றவில்லை. பை சோதிக்க ஐம்பது ஆண்களைப் போட்டார், ஒரு பெண்ணைப் போடவில்லை.

“ஆண்டி, நல்லா யோசிச்சுச் சொல்லு. அந்தப் பக்கம் வித்தியாசமா யாரையாச்சும் பாத்தியா?”

“வித்தியாசமா ஒண்ணும் இல்லீங்க. மாரண்டஹள்ளிக்காரங்க ஒரு பஸ்ஸு வந்திருந்தாங்க. முன் வரிசைல ஒரு டீச்சரம்மா. கழுத்துல விசிலு தொங்கும். சோறு கொண்டார்ற பெரிய தூக்குப்போசி ஒண்ண மடியில வெச்சுக்கிட்டு கெட்டியாப் புடிச்சிருந்தாங்க. நல்ல அம்மா. என்கிட்ட ரெண்டு தடவ போண்டா வாங்கினாங்க, ஒரு சோடா.”

அண்ணன் அவன் தோளில் கை போட்டார். “தூக்குப்போசி நெறைய இருந்துச்சா, காலியா?”

“கனமா இருந்துச்சுங்க. சோடா குடுக்கறப்ப எறக்கி வைக்கச் சொன்னேன். மாட்டேன்னுட்டாங்க.”

“சோறு கட்டிட்டு வந்தவ எதுக்கு ரெண்டு தடவ போண்டா வாங்கித் திங்கணும், மாது?”

“சோறு ஊசிப் போயிருக்கும்.”

“ஊசிப்போன சோத்த மடியில வெச்சுக் காப்பாத்துவாளா?”

நான் வாயை மூடிக்கொண்டேன். அப்படி நடப்பது அபூர்வம்.

பன்னிரண்டேகால் பஸ்ஸைப் பிடித்து, பாலக்கோடு வழியாக மாரண்டஹள்ளி போய்ச் சேர இரண்டு மணி ஆகிவிட்டது. பஸ் நின்ற இடத்தில் தக்காளிக் கூடைகளுக்கு நடுவே இறங்கினோம். விசில் போட்ட டீச்சர் என்றதும் கூடைக்காரம்மாளே ‘ராஜமேரி டீச்சரா?’ என்று கன்னியாஸ்திரீகள் நடத்தும் பள்ளிக்கூடத்தைக் காட்டிவிட்டாள். மைதானத்தில் முப்பது பெண்பிள்ளைகளை வெயிலில் ஓடவிட்டுக்கொண்டிருந்தாள் ராஜமேரி. முப்பது வயதிருக்கும். நிமிர்ந்த முதுகு.

அண்ணன் சுற்றி வளைக்கவில்லை. “டீச்சரம்மா, தூக்குப்போசியில இருந்தது டப்பா காமிராதானுங்களே?”

அவள் விசிலை வாயிலிருந்து எடுத்தாள். எங்கள் இரண்டு பேரையும் ஏற இறங்கப் பார்த்தாள். “நீங்க அந்தக் குப்புராஜோட ஆளுங்களா?”

“அவுரு ஆளா இருந்தா பட்டு ஜிப்பா போட்டிருப்போமுங்க” என்றேன்.

“எங்கண்ணன் பட்டாளத்துலேர்ந்து கொண்டாந்த காமிரா” என்றாள். “மேலேர்ந்து குனிஞ்சு பாக்கறது. லென்சுக்கு நேரா போசியில ஒரு ஓட்ட போட்டுக்கிட்டேன். மடியில போசிய வெச்சு மூடியத் தொறந்து குனிஞ்சா, சோத்தப் பாக்கற மாதிரிதான் இருக்கும். ஆமா, நான்தான் எடுத்தேன். அருள்நாதன் எனக்கு ஒறவுமில்ல, ஒண்ணுமில்ல. ஆனா அவன் கோட்டத் தொட்டான். என் கண்ணால பாத்தேன். பாத்ததச் சொல்லக் கூடாதுன்னு ஒருத்தன் நோட்டீசு அடிப்பானா? அதான் தபால்ல போட்டேன்.”

“உங்க படத்துக்காகச் செபாஸ்டின்னு ஒரு ஆபரேட்டர உள்ள வெச்சிருக்காங்க, டீச்சரம்மா. அஞ்சு மணி வரைக்கும்தான் கெடு.”

அவள் முகம் மாறியது. பத்திரிகைதான் அன்று காலை பஸ்ஸில் அங்கே வந்து சேர்ந்தது, இந்தச் செய்தி வரவில்லை.

“என் பேரு வெளிய வந்தா மதர் என்னை நிறுத்திடுவாங்க. டீச்சர் காமிராவ ஒளிச்சு வெச்சுக்கிட்டு ஆம்பளைங்க ஆட்டத்துக்குப் போனான்னு...” என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்தினாள். “அந்த ஆபரேட்டருக்குக் கல்யாணமாயிடுச்சா?”

“ஆயிடுச்சுங்க. அந்தம்மா ஸ்டேஷன் வாசல்ல நிக்குது.”

விசிலை எடுத்து நீளமாக ஊதினாள். பிள்ளைகள் நின்றன. “எல்லாரும் கிளாசுக்குப் போங்க” என்று சொல்லிவிட்டு எங்களிடம் திரும்பினாள். “பத்திரிகைக்கு அனுப்பினது நடுப் பாகத்த மட்டும் பெருசாக்கினது. முழுப் படம் சின்னதா என்கிட்ட இருக்கு. இருங்க, மதர்கிட்ட அர நாள் லீவு சொல்லிட்டு வரேன். ஏன்னு கேட்டா உள்ளதச் சொல்லிடறேன்.”

இந்த வழக்கில் அன்று முழுதும் நான் பார்த்த ஒரே ஆண்பிள்ளை அவள்தான்.

பஸ் ஏறுமுன் அந்தச் சின்னப் படத்தை அண்ணனிடம் கொடுத்தாள். துப்பறிகிற மனிதரிடம் பூதக்கண்ணாடி இல்லை. அதையும் பள்ளிக்கூடத்து சயின்ஸ் ரூமிலிருந்து அவளே கொண்டுவந்திருந்தாள். அண்ணன் ஜன்னலோரம் உட்கார்ந்து படத்தைப் பார்த்தார். பிறகு சிரித்தார். வயிறு குலுங்க, பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார்.

“என்னண்ணே, எனக்கும் காட்டுங்க.”

“காட்டினா நீ தருமபுரி வரைக்கும் வாய மூட மாட்டே” என்று பையில் போட்டுக்கொண்டார்.

ஸ்டேஷனுக்குள் நுழைந்தபோது ஐந்து அடிக்கப் பத்து நிமிஷம். பாக்கியமேரியும் எங்களோடு உள்ளே வந்துவிட்டாள். சப்-இன்ஸ்பெக்டர் பேப்பரெல்லாம் தயாராக வைத்திருந்தார். குப்புராஜ் இளநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

“படம் எடுத்தது இவங்க” என்றார் அண்ணன். ராஜமேரி முன்னால் வந்து பெயர், ஊர், பள்ளிக்கூடம் எல்லாம் கணீரென்று சொன்னாள்.

குப்புராஜ் இளநீரைக் கீழே வைத்தார். உடனே துள்ளி எழுந்தார். “பார்த்தீர்களா சார்? முதல் நிபந்தனை மீறல்! இந்தப் பெண் மேலும் கேஸ் போடுங்கள். இவளும் எடுத்திருப்பாள், அவனும் வெட்டியிருப்பான். அந்தக் கணத்தை நான் படம் பிடித்தது பிடித்ததுதான்!”

“உறுதியாச் சொல்றீங்களா?” என்றார் அண்ணன். “அருள்நாதன் கை நீட்டின அந்த நேரத்துல உங்க காமிரா ஓடிக்கிட்டிருந்துச்சு?”

“என் கண் காமிராவில் ஒட்டியிருந்தது. கை கைப்பிடியில் இருந்தது. நூறு பேர் முன்னால் சொல்வேன்.”

“எழுதிக்குங்க சார்” என்று சொல்லிவிட்டு அண்ணன் சின்னப் படத்தையும் பூதக்கண்ணாடியையும் சப்-இன்ஸ்பெக்டர் முன்னால் வைத்தார். “கீழ அருள்நாதன். அத வுட்டுடுங்க. மேல பாருங்க. எதிர்ப்பக்கம், மேடை.”

சப்-இன்ஸ்பெக்டர் குனிந்தார். நானும் அவர் தோள் வழியாக எட்டிப் பார்த்தேன்.

ஆட்டத்துக்குப் பின்னால், பந்தல் நிழலில், மேடை தெளிவாகத் தெரிந்தது. மேடைக்குப் பக்கத்தில் மூன்று காலில் நின்ற காமிராவின் மேல் ஒரு துண்டு போட்டு மூடியிருந்தது. அதிபர் குப்புராஜ் காமிராவின் அருகிலேயே இல்லை. மேடையின் நடுவில், மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கழுத்தை நீட்டிக் குனிந்து நின்றார். கமிட்டித் தலைவர் அவருக்கு ஆளுயர மாலை போட்டுக்கொண்டிருந்தார். மேடையில் எல்லோரும் கை தட்டிக்கொண்டிருந்தார்கள். நடுக்கோட்டின் அருகே நிற்க வேண்டிய நடுவர் அங்கேதான் நின்றார், ஆனால் தலை மேடைப் பக்கம் திரும்பியிருந்தது. அவரும் மாலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எடுக்காத படத்த எப்படிங்க சார் வெட்ட முடியும்?” என்றார் அண்ணன்.

சப்-இன்ஸ்பெக்டர் பச்சியப்பன் பூதக்கண்ணாடியை வைத்தார். பிறகு வேலையில் சேர்ந்த நாளிலிருந்து முதல்தடவையாக ஒரு காரியம் செய்தார் என்று நினைக்கிறேன். ரோஸ் காகிதத்தை ஒதுக்கி வைத்துவிட்டு டப்பாவைத் திறந்தார்.

“கூடாது! மூன்றாவது நிபந்தனை...” என்றார் குப்புராஜ்.

“உக்காருய்யா.”

சுருளை ஜன்னல் பக்கம் எடுத்துப் போய், சாயந்திர வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். சின்னச் சின்னக் கட்டங்கள். தலைவருக்கு மாலை. உருவினார். பிரமுகருக்கு மாலை. உருவினார். பிரமுகரின் மைத்துனருக்கு மாலை. மைக்குக்கு முன்னால் தலைவர். சால்வை. மறுபடியும் மாலை. ஃபிலிம் தரையில் விழுந்து குவிந்தது. சடுகுடு என்று பெயருக்கு ஒரு தொடைகூடத் தெரியவில்லை.

ஒட்டுப் போட்ட இடம் வந்தது. ஒட்டுக்கு முந்தின கட்டத்தில் தலைவர் மாலையை வாங்குகிறார். பிந்தின கட்டத்தில் கழற்றுகிறார்.

“ரெண்டு மாலைக்கு நடுவுல சடுகுடு எங்கேர்ந்து வரும்?” என்றார் அண்ணன். “டப்பாவத் தூக்கினப்பவே நெனச்சேன். நாப்பது நிமிஷ ஆட்டம் இவ்வளவு லேசா இருக்காது. கையிலிருந்த ஃபிலிம் பூராவையும் பெரிய மனுசங்க கழுத்துல செலவு பண்ணிட்டாரு. ஆட்டம் ஆரம்பிக்கும்போதே தீந்துபோச்சு. சும்மா காமிராவ மூடி வெச்சுட்டு மாலைக்குக் குனிஞ்சுட்டாரு. இந்தம்மா படம் வெளிய வந்ததும் எல்லாரும் உன் படத்தக் காட்டுன்னு கேட்டாங்க. இருந்தாத்தானே காட்டறதுக்கு? திருடன் வெட்டிட்டான்னா தீந்துச்சு. நேத்து போலீசக் கூப்புடறதுக்கு முன்ன, அரக்கு சரியா இருக்கான்னு பாக்கற சாக்குல செபாஸ்டின்கிட்ட டப்பாவ வாங்கியிருப்பாரு. யாரும் பாக்கக் கூடாதுன்னு நிபந்தனை இருக்கற தைரியத்துல எந்த எடத்துல வெட்டறோம்னுகூடப் பாக்காம வெட்டினாரு.”

ஒன்றுமே இல்லாத டப்பாவுக்குப் பதினொரு நிபந்தனை, ஐம்பது தொண்டர், அரக்கு முத்திரை. இத்தனைக்கும் நடுவில் ஒரு ஏழையின் கன்னத்தில் அறை. எனக்கு எதையும் வேடிக்கையாகச் சொல்லத் தோன்றவில்லை.

பாக்கியமேரி ராஜமேரியின் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். சப்-இன்ஸ்பெக்டர் தயாராக வைத்திருந்த பேப்பரைக் குறுக்கே கிழித்தார். குப்புராஜை எழுந்து நிற்கச் சொல்லி, பொய்ப் புகாருக்குப் புதுப் பேப்பர் எடுத்தார்.

குப்புராஜின் குரலில் மேடை இறங்கிவிட்டது. “சார், சார்... வெள்ளிக்கெழம காட்சிய மட்டும் நிறுத்திடச் சொல்லுங்க. மாரண்டஹள்ளிக்காரங்க பஸ்ஸு பஸ்ஸா வராங்க. தலைவரும் குடும்பத்தோட வராரு. இந்தப் படத்த அவங்க பாத்தா என்னைக் கொன்னே போடுவாங்க.”

செபாஸ்டின் பெஞ்சிலிருந்து எழுந்தான். தரையில் குவிந்து கிடந்த ஃபிலிம் முன்னால் உட்கார்ந்து, கையால் கீறல் படாமல் விளிம்பைப் பிடித்து, பொறுமையாகச் சுற்ற ஆரம்பித்தான். முழுதும் சுற்றி டப்பாவில் வைத்து மூடிய பிறகுதான் நிமிர்ந்தான்.

“நோட்டீசு ஒட்டியாச்சுங்க, காட்சிய நிறுத்த முடியாது” என்றான். “நீங்க எடுத்தத எடுத்தபடியே ஓட்றேன். ஒரு கட்டம்கூட வெட்ட மாட்டேன்.”